நேரோபோட்டில் ஒரு வாரம்: வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போகலாமா?

கேள்வி
எழுதியவர்: கீழ்க்கரை (மில்டன் கீன்ஸ்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாய் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில்தான் ஓடுகிறது. ஒன்பது ஆண்டுகளாக அதன் கரையோர இழுபாதையில் நடந்து, கடந்து போகும் படகுகளைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு, சென்ற ஆண்டுதான் முதன்முறையாக நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். அந்த நாள் நல்லபடியாக அமையவில்லை. சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் முகப்பு வலப்பக்கம் திரும்பும் என்பது அறிவுக்குப் புரிந்தாலும் கைக்குப் புரிவதற்குள் பாலத்தின் சுவரில் இரண்டு முறை இடித்துவிட்டேன். பிறகு படகைத் தள்ளும் சுழலியில் ஏதோ சிக்கிக்கொண்டு படகு நகரவே மறுத்தது. வாடகைக்கு விட்டவர்களைத் தொலைபேசியில் பிடித்து, அவர்கள் வந்து சரிசெய்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போயிற்று. எஞ்சிய நேரத்தில் போய்ச் சேர்ந்த லாக்கில் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவறை) ஒரு கதவு பழுதடைந்து மூடப்பட்டிருந்ததால் அங்கிருந்தே திரும்பினோம். பிள்ளைகள் இருவரும் அழுதுவிட்டார்கள்.

இருந்தும் ஆசை விடவில்லை. வரும் மே மாதம் கும்பகோணத்திலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது; பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காவிரிக் கிளை வாய்க்கால்களில் எந்த மதகின் ஷட்டர் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று இன்றைக்கும் சொல்வார். இந்த ஊரின் லாக்குகளைத் தம் கையால் ஒரு முறையாவது இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தண்ணீர் என்றால் கொஞ்சம் அச்சமும் உண்டு. மனைவி, நான், 8 மற்றும் 12 வயதில் இரண்டு பிள்ளைகள் என மொத்தம் ஆறு பேர்.

ஒரு வாரப் பயணத்துக்கு எந்தக் கால்வாய் ஏற்றது? அம்மாவால் படகில் வசதியாக இருக்க முடியுமா? போகும் வழியில் லாக் பழுது, தண்ணீர்க் குறைவு என்று மூடிவிட்டால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் மனம் திறந்து சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பதில் 1
எழுதியவர்: பின்தளம் (பர்மிங்ஹாம்)

வணக்கம். ஐந்து குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கிய 57 அடி நேரோபோட் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுடைய அந்த ஒரு நாளில் நடந்த எல்லாமே எங்களுக்கும் நடந்திருக்கின்றன, சென்ற ஆண்டு வரை.

முதல் முறை ஒரு வாரம் போகிறவர்களில் பலர், வரைபடத்தில் வட்டமாகத் தெரியும் வழிகளைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நான்கு மாவட்ட வட்டம் எனப்படும் வழி ஏறத்தாழ 110 மைல், 94 லாக்குகள். படகோட்டிகளிடையே ஓர் எளிய கணக்கு உண்டு: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி, மூன்றாலோ நான்காலோ வகுத்தால் எத்தனை மணி நேரப் பயணம் என்பது தெரிந்துவிடும். நான்கால் வகுத்தாலும் 51 மணி நேரம் வருகிறது. நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். இளைஞர்கள் நால்வர் சேர்ந்து போனால் சரி. முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் எட்டு வயதுப் பிள்ளையோடும் அது விடுமுறையாக இருக்காது. மேலும், வட்டத்தில் எங்காவது ஒரு லாக் மூடப்பட்டால் பயணத் திட்டம் முழுவதும் குலைந்துபோகும். போன வழியே திரும்பும் பயணத்தில் அந்தக் கவலை குறைவு. தடை வந்த இடத்திலிருந்து திரும்பிக்கொள்ளலாம்.

ஆகவே என் பரிந்துரை வேல்ஸ் எல்லையில் உள்ள லாங்கோலன் கால்வாய். ஹர்ல்ஸ்டனிலிருந்து லாங்கோலன் ஊர்வரை 44 மைல்களும் 21 லாக்குகளும் இருந்தாலும் நீங்கள் முழுவதையும் கடக்க வேண்டியதில்லை. ரென்பரியில் தொடங்கினால் 12 லாக்குகள். எல்ஸ்மியரில் தொடங்கினால் நியூ மார்ட்டனில் உள்ள இரண்டு மட்டுமே. உங்கள் அப்பாவுக்காக ரென்பரியையே சொல்வேன், ஏனென்றால் அந்த வழியில் கிரிண்ட்லி புரூக் வருகிறது. அங்கே ஆறு லாக்குகள். அவற்றில் மூன்று படிக்கட்டுப் போல ஒன்றோடொன்று ஒட்டியவை, ஒன்றின் மேல்கதவுதான் அடுத்ததன் கீழ்க்கதவு. எந்த மதகை முதலில் திறப்பது என்பதில் தவறினால் தண்ணீர் கரை மீறிக் கொட்டும். பருவ காலத்தில் அங்கே நிற்கும் தன்னார்வலர்களே முன்வந்து வரிசை சொல்லி, கையும் கொடுப்பார்கள். பாசனப் பிரிவில் பணியாற்றியவருக்கும் அவர்களுக்கும் பேச நிறைய இருக்கும்.

பிறகு பொன்ட்கசல்தே, கால்வாயையே ஆற்றின் மேல் தாங்கிப் போகும் பாலம். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்கள் அதையே வார்ப்பிரும்பில், படகு போகும் அளவுக்கு, நினைத்துக்கொள்ளலாம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805-இல் திறந்த பாலம். 307 மீட்டர் நீளம், டீ ஆற்றிலிருந்து 38 மீட்டர் உயரம். ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடிக் கம்பியும் இருக்கின்றன. மறுபக்கம் இரும்புத் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், அதுவும் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரம்கூட இல்லாமல். பின்தளத்தில் சுக்கானைப் பிடித்து நிற்கிறவருக்கு அந்தப் பக்கம் பார்த்தால் காற்றைத் தவிர எதுவும் இருக்காது. அம்மாவை முன்னறையில் நடைபாதைப் பக்கச் சன்னலருகே உட்காரச் சொல்லுங்கள். அல்லது அவர் கம்பியைப் பிடித்தபடி நடந்தே வரட்டும், படகு அவருடைய நடைக்கு மேல் போகாது.

சுழலியில் சிக்குவதைப் பற்றி: பின்தளத்துக்குக் கீழே ஒரு சிறு இரும்பு மூடி உண்டு, வீட் ஹேட்ச் என்பார்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். தோள்வரை கையை விட்டுத் தடவினால் சுழலியின் தண்டில் சுற்றியிருப்பது தட்டுப்படும். சென்ற அக்டோபரில் எனக்குக் கிடைத்தது ஒரு சன்னல் திரைச்சீலை. அதன்மேல் தூண்டில் நரம்பு, அதற்கும் மேல் உரச்சாக்கின் இழைகள். பல்வைத்த ரொட்டிக் கத்தியால் நாற்பது நிமிடம் அறுத்தேன். விரல்கள் மரத்துப்போய் எது துணி, எது என் தோல் என்றே தெரியாத நிலை. வாடகைக்கு எடுக்கும்போது இதை எப்படிச் செய்வது என்று செய்து காட்டச் சொல்லி, நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள். மூடியைத் திரும்ப இறுக்கமாகப் பூட்டாமல் எஞ்சினை இயக்கினால் சுழலி தள்ளும் நீர் உள்ளே ஏறும். அப்படி மூழ்கிய படகுகள் உண்டு.

இதையெல்லாம் மீறி ஏன் போகிறேன் என்றால், அதிகாலை ஐந்தரை மணிக்காக. படகு கட்டியிருக்கும், எஞ்சின் ஓய்ந்திருக்கும், கெண்டியில் தண்ணீர் கொதிக்கும். பக்கக் கதவைத் திறந்தால் கண்ணின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தண்ணீர், அதன்மேல் ஒரு முழ உயரத்துக்குப் பனிமூட்டம், அதற்குள் நாரை ஒன்று ஒற்றைக்காலில் நிற்கும். எல்ஸ்மியர் அருகே பிளேக் மியர் என்ற ஏரி கால்வாயை ஒட்டியே கிடக்கிறது, நடுவில் ஒரு வரிசை மரங்கள் மட்டுமே. அங்கே ஒரு இரவு கட்டுங்கள்.

---

பதில் 2
எழுதியவர்: நெய்தல் (ஹாரோ)

கீழ்க்கரை அண்ணாவுக்கு வணக்கம். எங்கள் பூர்வீகம் ஊர்காவற்றுறை. நாங்கள் ஐந்து தடவை படகு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதில் மூன்று தடவை எங்கள் அம்மாவும் வந்தார். ஆதலால் வயதானவர்களின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

நேரோபோட் என்பது 6 அடி 10 அங்குல அகலமே உடையது. லாக்குகள் 7 அடி என்பதால் அதற்கு மேல் முடியாது. உள்ளே சுவர்களையும் கட்டில்களையும் கழித்தால் நடக்கும் வழி ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பிப் போகிற அளவுதான். இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டிய அம்மாவுக்கு அதன் அருகிலுள்ள கட்டிலையே கொடுங்கள். பின்பக்கப் படிகள் செங்குத்தாக இருக்கும், முன்பக்கப் படிகள் சிறியவை. அம்மா எப்போதும் முன்பக்கத்தால் ஏறி இறங்கட்டும். கரையில் காலை வைப்பதற்கு முன் படகின் இரண்டு முனைகளையும் கயிற்றால் கட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். கால் ஒன்று கரையிலும் ஒன்று படகிலுமாக நிற்கும்போது படகு விலகுவதுதான் முதியவர்களுக்கு நேரும் விபத்து.

லாக்கில் கீழே இறங்கும்போது ஒரே ஒரு ஆபத்தை எல்லோரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மேல்கதவின் அடியில் கல்லாலோ கான்கிரீட்டாலோ ஆன வாசற்படி போன்ற ஒரு மேடை தண்ணீருக்குள் மறைந்திருக்கும்; அதற்கு சில் என்று பெயர். தண்ணீர் இறங்க இறங்க அது வெளியே தெரியும். படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் தாழ்ந்துகொண்டே போய், சில நிமிடங்களில் முகப்பு வழியாக நீர் புகுந்துவிடும். அதன் எல்லையைக் கரைக்கல்லில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். எங்களுடைய இரண்டாவது பயணத்தில் நான் சுக்கானில் நின்றேன்; மகள் கீழ்மதகைத் திறந்துவிட்டாள். பின்னால் ஒரு வாத்துக் கூட்டம் இருக்கிறதென்று அம்மா சொன்னதைப் பார்ப்பதற்காகத் திரும்பிய நேரத்தில் படகு மெல்லப் பின்வாங்கிவிட்டது. கல்லில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது, தேநீர்க் கோப்பை மேசையில் முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. நான் போட்ட சத்தத்தில் மகள் மறுபேச்சில்லாமல் மதகை இறக்கி மூடினாள். மேல்மதகைக் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரை ஏற்றியபோது படகு தானாக மிதந்து மட்டத்துக்கு வந்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அன்றிலிருந்து, மதகில் நிற்பவர் படகில் நிற்பவரின் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். உங்கள் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கரையில் ஓடவே கூடாது, படகில் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது.

சமையலைப் பற்றி அம்மா கேட்பார். எரிவாயு அடுப்பு இருக்கும், சோறும் குழம்பும் தாராளமாக வைக்கலாம். குடிநீர்த் தொட்டியை அநேகமாக நாளுக்கொரு தடவை நிரப்ப வேண்டும். நிரம்ப முக்கால் மணி நேரம்கூட ஆகும், அந்த நேரத்தில் காய்கறி நறுக்கி முடித்துவிடலாம். எங்கள் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயமில்லை, ஆனால் இந்த ஊரில் பதினெட்டு ஆண்டுகளாக அவருக்கு வெளியாரோடு பேச்சு மிகக் குறைவு. படகின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இழுபாதையில் வந்தவர்கள் எல்லோரும் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். இரண்டாம் நாளிலிருந்து அவரே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

---

பதில் 3
எழுதியவர்: கரையில்லான்

நான் படகிலேயே குடியிருப்பவன். நிலையான கட்டுமிடம் எனக்குக் கிடையாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறேன். மூடல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி மற்றவர்கள் அதிகம் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

லாக் பழுது என்பது ஒருவருடைய கவனக்குறைவு மட்டுமல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 2,000 மைல், 2012-இல் அரசின் கையிலிருந்து கால்வாய்கள் மற்றும் ஆறுகள் அறக்கட்டளைக்கு (Canal & River Trust) மாறின. அவற்றின் கதவுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை, நீர்த்தேக்கங்களில் பல இருநூறு ஆண்டுப் பழமை உடையவை. 2019 ஆகஸ்டில் டாட்புரூக் அணையின் வழிந்தோடி பெருமழையில் சரிந்து, வேலி பிரிட்ஜ் ஊரில் ஆயிரத்து ஐந்நூறு பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கால்வாய்க்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டிய அணை அது. இந்த நிலையில் அரசு தரும் மானியம் 2027-லிருந்து ஆண்டுக்காண்டு குறையும் என்று 2023-இல் அறிவித்துவிட்டார்கள். படகு உரிமக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நிலையான கட்டுமிடம் இல்லாதவர்களுக்கு 2024-லிருந்து கூடுதல் கட்டணமும் உண்டு. கரையில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், மீன் பிடிப்பவர்கள் என இந்தக் கால்வாய்களால் மகிழ்கிறவர்களில் படகுக்காரர்கள் மிகச் சிறு பகுதி. செலவை யார் ஏற்பது என்பது பொதுக் கேள்வியாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தண்ணீர்க் குறைவு வேறு விஷயம். ஒரு நேரோ லாக்கை ஒரு முறை இயக்கினால் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேலான நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போய்விடுகிறது. கால்வாயின் உச்சிப் பகுதிக்கு அந்த நீரைத் திரும்பக் கொடுப்பது பெரும்பாலும் மழையும் நீர்த்தேக்கங்களும்தான். 2025 வறட்சியில் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதியைப் பூட்டிவிட்டார்கள். நான் ஓரிடத்தில் பல வாரங்கள் அசையாமல் கிடந்தேன். ஒவ்வொரு நாளும் கரையில் ஒரு கல் புதிதாக வெளியே தெரியும். ஒரு காலையில் என் படகு மூன்று விரற்கடை சாய்ந்திருந்தது, தட்டில் ஊற்றிய எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கியதைப் பார்த்துத்தான் அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது தெரிந்தது.

லாங்கோலனை உங்களுக்குச் சொன்னது சரியான அறிவுரை, அதற்கு அழகைத் தவிர வலுவான ஒரு காரணமும் உண்டு. லாங்கோலன் ஊருக்கு மேலே, குதிரைலாட அருவி எனப்படும் வளைந்த அணைக்கட்டில் டீ ஆற்றிலிருந்து இந்தக் கால்வாய்க்குள் நீர் வருகிறது; அது கால்வாய் வழியாகவே ஓடி ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து குடிநீராகிறது. அதனால் மற்ற கால்வாய்கள் வற்றும்போதும் இதில் நீரோட்டம் இருக்கும். உங்கள் அப்பா இதைக் கேட்டால் மகிழ்வார்: கால்வாயாகத் தெரிவது உண்மையில் ஒரு வாய்க்கால். போகும்போது எதிரோட்டம் என்பதால் நேரம் கூடுதலாக ஆகும். திரும்பும்போது அந்த நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். டிரெவரிலிருந்து லாங்கோலன் வரை சில இடங்களில் ஒரு படகுக்கு மட்டுமே இடம் இருப்பதால், ஒருவரை முன்னால் நடக்கவிட்டு, எதிரே படகு வரவில்லை என்று அவர் கையைக் காட்டிய பிறகு நுழையுங்கள்.

பயணத்துக்கு முன் அறக்கட்டளையின் இணையதளத்தில் மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள். உங்கள் கால்வாயைத் தெரிவுசெய்தால் மின்னஞ்சலிலும் வரும். பெரிய பழுதுபார்ப்புகளை நவம்பரிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்கிறார்கள், ஆகையால் மே நல்ல மாதம்.

ஒரு வேண்டுகோள். உச்ச வேகம் மணிக்கு 4 மைல் என்று எழுதியிருப்பார்கள். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதுவும் கூடாது. எஞ்சினை மிகக் குறைந்த ஓட்டத்தில் வையுங்கள். வேகமாகப் போகும் படகு தன்னோடு தண்ணீரையும் இழுத்துப் போகிறது. என் படகு கயிற்றை இழுத்து முளைக்குச்சியைப் பிடுங்குகிறது. உள்ளே அடுப்பில் இருப்பது என் காலில் கொட்டுகிறது. கடந்த குளிர்காலத்தில் அப்படிப் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

---

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கீழ்க்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே அப்பாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ரென்பரியிலிருந்து மே மாத இரண்டாம் வாரம் என்று முடிவு செய்துவிட்டோம். பள்ளி விடுமுறை வாரத்தைவிட வாடகையும் குறைவு, பிள்ளைகளின் பள்ளியில் அனுமதி கேட்க வேண்டும் என்பது மட்டும் பாக்கி. பாலத்தில் நடந்து வருவதாக அம்மா சொல்கிறார். கரையில்லான் அவர்களே, கட்டியிருக்கும் படகுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சென்ற ஆண்டு யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை. அன்று நாங்கள் யாரையாவது துன்புறுத்தியிருந்தால் வருந்துகிறேன்.

அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். காவிரி மதகுகளில் ஷட்டர் மேலும் கீழும் ஏறி இறங்கும். இங்கே படங்களில் கீழ்க்கதவுகள் இரண்டும் ஒரே தளத்தில் நேராக மூடாமல், மேட்டு நீரை நோக்கி அம்புமுனை போலச் சந்திக்கின்றனவே, அவற்றைத் தள்ளித் திறக்க எத்தனை ஆள் வேண்டும்?

---

பதில் 4
எழுதியவர்: பின்தளம் (பர்மிங்ஹாம்)

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தச் சாய்வுதான் கதவை இறுக்குகிறது. மேட்டு நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும், தாழ்ப்பாளே தேவையில்லை. ஆகவே இரு பக்கத்து நீர்மட்டமும் சமமாகாதவரை பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. ஏறி இறங்கும் ஷட்டரும் இங்கே உண்டு. கதவின் அடியிலோ பக்கச் சுவருக்குள்ளோ அது மறைந்திருக்கும், பற்சக்கரத்தைக் கைப்பிடியால் சுற்றித்தான் தூக்க வேண்டும். அப்பாவுக்குப் பழகிய வேலை அதுதான்.

கைப்பிடியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, கதவிலிருந்து கரைப்பக்கம் நீண்டிருக்கும் பெரிய மர உத்திரத்தில் அப்பாவை முதுகைச் சாய்த்து நிற்கச் சொல்லுங்கள். தள்ள வேண்டாம், சாய்ந்து நின்றால் போதும். மதகில் நீரின் இரைச்சல் அடங்கும். சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு முதுகுக்குப் பின்னால் மரம் ஓர் அங்குலம் இளகுவது அவருக்கே தெரியும். அப்போது ஒருவர் போதும்.